இடித்துக் கட்டும் வாரிய வீடு: ஐந்து மாடியா, ஒன்பது மாடியா, நடுவில் தோட்டமா?

வட சென்னை தண்டையார்பேட்டையில் என் மாமியார் இருக்கும் குடிசை மாற்று வாரிய பிளாக், தரையையும் சேர்த்து நான்கு அடுக்கு. சன்ஷேடில் சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. அதன் கீழே அங்கே யாரும் நிற்பதில்லை. புதிதாக வந்தவர் தெரியாமல் நின்றுவிட்டால் மேலேயிருந்து யாராவது "ஏம்மா, தள்ளி நில்லு" என்று குரல் கொடுப்பார்கள். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியத்தின் அடுக்குமாடி ஒன்று இடிந்து விழுந்தபோது, விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியே வந்ததால்தான் மக்கள் உயிர் தப்பினார்கள். அன்றிலிருந்து இங்கேயும் எல்லோருக்கும் அடிவயிற்றில் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கிறது.

இப்போது இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டப் போவதாகப் பேச்சு. நான் ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் வாட்டர்ப்ரூஃபிங் வேலை பார்த்தவன் என்பதால், போகும்போதெல்லாம் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். "தம்பி, அங்கெல்லாம் மாடிக்கு நடுவுல தோட்டம் வெச்சுக் கட்டுறாங்களாமே, நாமளும் கேக்கலாமா? இல்ல, சின்னதாவே கட்டிக் குடுங்கன்னு சொல்லலாமா?" வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை என்று வேறு இடங்களில் இருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். வரைபடம் போடுவது வாரியம்தான். ஆனால் கணக்கெடுக்கவும் சம்மதம் வாங்கவும் வரும்போது நமக்கு வாயைத் திறக்க இடம் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன கேட்பது என்பதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து அளப்பது?

நான் பிறந்து வளர்ந்ததே வாரிய வீட்டில்தான். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அதே வாரியம்தான். அதனால் வீட்டுக்குள் எத்தனை சதுர அடி என்பதை நான் முதல் அளவாக வைக்க மாட்டேன். இப்போது கட்டுவது பெரும்பாலும் 400 சதுர அடியை ஒட்டி வருகிறது. பழைய வீட்டைவிட அது நிச்சயம் பெரிது. எந்த வகையில் கட்டினாலும் அந்த அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் வருவதெல்லாம் வாசற்படிக்கு வெளியே.

முதலில், தரைக்கு இறங்குவது எப்படி. காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளை, மீன் கூடையோடு புறப்படும் அம்மா, டயாலிசிஸுக்குப் போகும் தாத்தா, கடைசியாகப் பாடையில் போகிறவர், இத்தனை பேரும் இறங்கியாக வேண்டும். இரண்டாவது, மாதாமாதம் கையை விட்டுப் போகும் பணம். வீடு கிடைக்கும்போது கட்டும் பங்குத்தொகையை எப்படியாவது புரட்டிவிடுவோம். மாதப் பராமரிப்புதான் வருஷக்கணக்கில் தொடரும். மூன்றாவது, பொது இடம் யார் கையில் இருக்கும் என்பது. நான்காவது, கடல் காற்றும் மழையும். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக் காற்றில் உப்பு இருக்கிறது. அது கம்பியையும் தின்னும், லிஃப்ட்டையும் தின்னும். ஐந்தாவது, கட்டி முடியும் வரை எங்கே குடியிருப்பது.

கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கட்டி முடியும் வரை வெளியே தங்குவதற்காகக் கொடுக்கும் கருணைத் தொகை முன்பு 8,000 ரூபாயாக இருந்தது, அதை 24,000 ஆக உயர்த்தினார்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு 6,000 வாடகை என்று வைத்தால் அது நான்கு மாதம் வரும். கட்டடம் நான்கு மாதத்தில் முடியாது. உயரம் கூடக்கூடக் காலமும் கூடும். அந்த வித்தியாசம் முழுவதும் நம் கைக்காசு.

## ஒன்று: ஸ்டில்ட்டும் ஐந்து மாடியும்

தரையைத் தூண்களோடு திறந்து விட்டுவிட்டு (அதுதான் ஸ்டில்ட்), அதற்கு மேல் ஐந்து மாடி. உயரம் சுமார் 18 மீட்டர். இந்த எண் முக்கியம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயரக் கட்டடம். தாண்டாத வரை சுற்றிலும் விட வேண்டிய இடம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாமே கொஞ்சம் எளிது. கட்டி முடிக்கும் காலமும் குறைவு.

லிஃப்ட் நின்றுபோனாலும் ஐந்து மாடியை மூச்சு வாங்கிக்கொண்டாவது ஏறிவிடலாம். என் மாமியாருக்கு 63 வயது. இன்றைக்கும் கீழே கைப்பம்பில் அடித்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் தூக்கி மூன்றாவது மாடிக்கு ஏறுகிறார். ஏறட்டும் என்று சொல்லவில்லை. புதுக் கட்டடத்தில் ஐந்து மாடிக்கும் லிஃப்ட் கட்டாயம் வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதிக் கொடுங்கள். ஆனால் லிஃப்ட் ஒரு வாரம் கெட்டுப்போனால் வாழ்க்கை நின்றுவிடாத உயரம் இது.

ஸ்டில்ட் வட சென்னைக்கு ஒரு வரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது தரை மாடி வீடுகளில் கட்டில் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை இல்லாத நாளில் அதே தூண்களுக்கு நடுவே கேரம் பலகை போடலாம், கல்யாணப் பந்தி போடலாம், சாவுக்கு நாற்காலி போடலாம். மோட்டார் சைக்கிள்கள் முழுவதையும் பிடித்துக்கொள்ளாமல் தடுத்தால் சரி. அதற்கு வரைபடத்திலேயே மூன்றில் ஒரு பங்கை வண்டி நிறுத்தாத இடம் என்று கோடு போட்டுக் கேட்க வேண்டும். கட்டிய பிறகு கேட்டால் நடக்காது.

இதில் மறைந்திருக்கும் செலவு நிலம். அடிப்பரப்பு அதிகமாகும், கட்டடங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கும், நடுவில் இருப்பவர்களுக்கு வெளிச்சம் குறையும். இன்னொன்றும் உண்டு. எத்தனை குடும்பம் என்ற எண்ணிக்கை இந்த உயரத்துக்குள் அடங்காவிட்டால், மிச்சம் இருப்பவர்களை வேறு இடத்துக்கு அனுப்பும் பேச்சு வரும். பட்டியலில் பெயர் விட்டுப்போவது எப்போதும் வாடகைக்கு இருப்பவர்களும், கல்யாணமாகி அதே வீட்டில் தடுப்புப் போட்டு வாழும் பிள்ளைகளும்தான்.

## இரண்டு: லிஃப்ட் வைத்த ஒன்பது மாடி

புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்காவில் இருப்பது இந்த வகை. ஸ்டில்ட்டுக்கு மேல் ஒன்பது மாடி, கிட்டத்தட்ட 1,900 வீடுகள். 2021 ஆகஸ்டில் தொட்டால் பூச்சு உதிர்கிறது என்று குடியிருப்பவர்கள் சொல்ல, சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்துச் சோதிக்கும் அளவுக்குப் போனது. அந்தச் செய்தியை வைத்து உயரக் கட்டடமே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். பூச்சின் தரம் வேறு, உயரம் வேறு. கலவையில் தப்பு நடந்தால் ஒரு மாடியிலும் உதிரும்.

உயரத்தின் உண்மையான கேள்வி நிலக் கணக்கில் இருக்கிறது. "மேலே போனால் கீழே இடம் மிச்சமாகும், பிள்ளைகள் விளையாடலாம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி, 160 குடும்பம். வீட்டுக்கு 400 சதுர அடி, படிக்கட்டு, நடை, லிஃப்ட் எல்லாம் சேர்த்து 30 சதவீதம் கூட்டினால் மொத்தம் 83,200 சதுர அடி. ஐந்து மாடியாகப் பிரித்தால் அடிப்பரப்பு சுமார் 16,600. ஒன்பது மாடியாகப் பிரித்தால் சுமார் 9,200. ஆக 7,400 சதுர அடி மிச்சம்.

ஆனால் உயரக் கட்டடம் என்றால் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர், 23 அடி, காலியாக விட வேண்டும். தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டுமே. ஒரு ஏக்கரைச் சதுரமாக எடுத்துக்கொண்டால் அந்த 23 அடிப் பட்டை மட்டும் சுமார் 17,000 சதுர அடி. மிச்சம் என்று சொன்ன இடத்தில் பெரும்பகுதி இந்தப் பட்டைக்குள்தான் விழும். அதில் மரம் நட முடியாது, மேடை கட்ட முடியாது. கொஞ்ச நாளில் அது ஷேர் ஆட்டோவும் டாடா ஏஸும் நிற்கும் இடமாகிவிடும். மூன்று நான்கு ஏக்கர் உள்ள பெரிய இடமாக இருந்தால் கணக்கு மாறும். அங்கே இந்தப் பட்டை மொத்தத்தில் சின்னப் பங்குதான். நடுவில் நிஜமாகவே ஒரு மைதானம் கிடைக்கும். வியாசர்பாடிப் பையன்கள் கால்பந்து ஆட ஒரு மைதானம் கிடைக்குமென்றால் ஒன்பது மாடிக்கு நானே கையெழுத்துப் போடுவேன்.

அப்புறம் லிஃப்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்பதாவது மாடியில் இருப்பவருக்கு லிஃப்ட்தான் தெரு.

காசிமேட்டில் ஏலம் எடுத்து விற்கும் எங்கள் அத்தை ஒருவர், இப்படி ஓர் உயரக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் இருக்கிறார். விடியற்காலை அன்னக்கூடையில் மீனோடு வந்து, ஐஸ் பெட்டியை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்குவார். லிஃப்ட் தரையில் மீன் தண்ணீர் சொட்டுகிறது என்று பக்கத்து வீட்டார் சண்டை போட்டார்கள். சண்டை போட்டவர்கள் மேலும் தப்பில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டையில் போகிற பிள்ளை அதே லிஃப்ட்டில்தான் இறங்க வேண்டும். அத்தை இப்போது கூடைக்கு அடியில் ஒரு பெயிண்ட் டப்பா மூடியை வைத்துத் துணி சுற்றிக்கொண்டு வருகிறார். ஸ்டில்ட்டில் தண்ணீர்க் குழாயோடு ஒரு கழுவும் மேடையும், கூடை வைக்க ஒரு பூட்டிய அறையும் இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. வரைபடத்தில் அதற்கு ஐம்பது சதுர அடி போதும்.

மாதச் செலவைப் பாருங்கள். 160 வீடும் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் 80,000. இரண்டு காவலாளி, இரண்டு துப்புரவுப் பணியாளர், ஆளுக்கு 12,000 என்றாலே 48,000 போய்விடும். மிச்சம் 32,000-ல் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர் டீசல், பொது மின்சாரம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் நாம் மின்சாரத்தைப் பெரிதாக நினைப்பதில்லை. லிஃப்ட்டும் மோட்டாரும் ஓடும் பொது இணைப்புக்கு அந்தச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நாற்பது வீடு பணம் கட்டவில்லை என்றால் கையில் இருப்பது 60,000. முதலில் நிறுத்துவது லிஃப்ட் ஒப்பந்தத்தைத்தான், ஏனென்றால் சம்பளத்தை நிறுத்த முடியாது.

"நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அரசும் பங்கு போடுகிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் நாம் வசூலித்தால்தான் அந்தப் பங்கும் வரும். சங்கத்தில் யார் பொருளாளர், கணக்கைச் சுவரில் ஒட்டுவார்களா என்பது கட்டடத்தின் உயரத்தைவிடப் பெரிய விஷயம்.

## மூன்று: வானத் தோட்டத்தோடு ஒன்பது மாடி

சிங்கப்பூரில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே கேட்பவர்கள் மனதில் இருக்கும் படம் அங்கிருந்து வந்ததுதான்.

அங்கே அரசாங்க வீடுகளைக் கட்டுவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1960-ல் தொடங்கியது. வீவக என்று சுருக்கிச் சொல்வோம். நாட்டில் பத்துப் பேரில் எட்டுப் பேர் வீவக வீட்டில்தான் இருக்கிறார்கள். 2009-ல் முடிந்த பினக்கிள் அட் டக்ஸ்டன், 50 மாடி, ஏழு கோபுரம், 1,848 வீடு. 26-ஆவது மாடியிலும் 50-ஆவது மாடியிலும் ஏழு கோபுரங்களையும் பாலம் போலத் தோட்டம் இணைக்கிறது. மேலே உள்ளதைப் பார்க்க வெளியாட்கள் கட்டணம் கட்டி, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற கணக்கில்தான் போக முடியும். 26-ஆவது மாடி குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

2015-ல் முடிந்த ஸ்கைவில் அட் டாசன் வேறு மாதிரி. 47 மாடி, 960 வீடு. அதை 12 'கிராமங்களாக'ப் பிரித்து, ஒவ்வொரு 80 வீட்டுக்கும் ஒரு திறந்த தோட்டத் தளம் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். பினக்கிளின் மேல்தளம் ஊருக்கே பொது. டாசனில் இது எங்கள் எண்பது வீட்டுத் திண்ணை என்று சொல்ல முடியும்.

இதெல்லாம் நிற்பதற்குப் பின்னால் ஒரு பணம் இருக்கிறது. அங்கே நகர மன்றம் ஒவ்வொரு வீட்டிலும் மாதக் கட்டணம் வசூலித்து, அதில் ஒரு பகுதியைப் பிற்காலப் பெரிய வேலைகளுக்கென்று சட்டப்படி தனியாகப் போட்டு வைக்கிறது. லிஃப்ட் மாற்றுவது, கூரைக்கு மறுபடி நீர்காப்புப் போடுவது எல்லாம் அந்த நிதியிலிருந்து வரும்.

நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில், பத்தாவது மாடித் தோட்டத்துக்குக் கீழே ஒன்பதாவது மாடி வீட்டில் கசிவு. மூன்று நாள் தண்ணீர் கட்டிச் சோதித்தோம். இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி, கீழ் வீட்டுக் கூரையைச் சாக்பீஸால் கட்டம் போட்டுக் குறித்து வைத்தோம். இரண்டாம் நாள் மாலை ஒரு கட்டத்தில் தேங்காய்ச் சில்லு அளவுக்கு ஈரம். மேலே நேர் இடத்தில் மண்ணைத் தோண்டினால், உட்காரும் பெஞ்சைப் பொருத்த அடித்த ஒரே ஒரு போல்ட், நீர்காப்புப் படலத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. அந்த ஒரு துளையைச் சரிசெய்ய எட்டு டன் மண்ணைச் சாக்கில் கட்டி இறக்கினோம். செடிகளில் பாதி பிழைக்கவில்லை. இங்கே இப்படி ஒரு கசிவு வந்தால் யார் மண்ணைத் தோண்டுவார்கள், யார் கூலி கொடுப்பார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். குடியிருக்கும் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ நடமாட்டச் சுமைக்குக் கணக்கிடுவார்கள். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மண் போட்டாலே சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும். அதனால் தோட்டம் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். "பிறகு நீங்களே செடி வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீர் பற்றாது என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் தடை. சிங்கப்பூரில் வருஷம் முழுக்கப் பரவலாக மழை. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். கோடையில் ஊற்றித்தான் ஆக வேண்டும். 100 சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் என்று வையுங்கள். ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் அது நான்கு பேர் புழங்கும் தண்ணீர். 160 குடும்பத்தின் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் 2019 கோடையில் லாரி வரும்வரை குடத்தோடு காத்திருந்த ஒருவர், அந்தச் சமயத்தில் இன்னொருவர் ஹோஸ் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்துச் சும்மா இருப்பாரா? துணி அலசிய கடைசித் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பும் தனிக் குழாய் கட்டும்போதே இருந்தால் இந்தச் சண்டை இல்லை.

காற்றைச் சொல்லாமல் விட முடியாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா வந்தபோது தரையில் வேர் பிடித்து நின்ற மரங்களே சாய்ந்தன. இருபது மீட்டர் உயரத்தில் ஒன்றரை அடி மண்ணில் நிற்கும் மரம் என்ன ஆகும்? செம்பருத்தி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, கற்றாழை போன்றவை தாங்கும். மரம் என்று படத்தில் காட்டினால் நம்ப வேண்டாம். கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வைக்கும் வடிவமைப்பை அறவே மறுத்துவிடுங்கள். கீழே பிள்ளைகள் நடக்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். 24 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் தீ விபத்தில் ஒதுங்கி நிற்க ஓர் இடம் விட வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அந்த இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அதையே 'வானத் தோட்டம்' என்று காட்டினால், அது தோட்டமும் ஆகாது, ஒதுங்கும் இடமும் ஆகாது.

இவ்வளவு சொன்னாலும் இந்த வகையை நான் ஒதுக்கவில்லை. பழைய பிளாக்கில் எங்கள் படிக்கட்டில் பதினாறு வீடு. மதியம் இரண்டு மணிக்கு அந்தப் படிகளில் பெண்கள் உட்கார்ந்து பூ கட்டுவார்கள், ஒருத்தர் தலையை இன்னொருத்தர் பார்ப்பார்கள், எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று தெரிந்துவிடும். ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் திறந்ததும் நேரே நடை, நடையின் இரு பக்கமும் மூடிய கதவு. உட்கார ஒரு படி கிடையாது. என் அத்தை ஏழாவது மாடிக்குப் போன முதல் வருஷத்தில் எதிர் வீட்டு அம்மாவின் பெயரே அவருக்குத் தெரியாது. நடுவில் ஒரு திறந்த தளம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் நான் கேட்கச் சொல்வது தோட்டத்தைவிட முற்றத்தை. மூன்று மாடிக்கு ஒரு முறை, பாதித் தளம் அளவுக்கு, காற்று வர இரு பக்கமும் திறந்து, நெஞ்சு உயரத்துக்குக் கம்பித் தடுப்போடு ஒரு கூரையுள்ள முற்றம். ஓரத்தில் மட்டும் பாத்தி. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு நீளத் திண்ணை. கீழும் மேலும் சேர்த்து ஐம்பது வீட்டுக்கு ஒன்று. சாவு என்றால் சொல்லி அனுப்பாமலே வந்து நிற்கும் அளவுக்குள் அது இருக்க வேண்டும். மண் குறைவு என்பதால் எடை குறைவு, கசிவு குறைவு. இதற்கும் விலை உண்டு: ஒவ்வொரு பாதித் தளமும் எட்டு ஒன்பது வீட்டின் இடம். அந்த வீடுகள் மேலே ஏறும், அல்லது பட்டியலிலிருந்து குறையும். எதுவென்று எழுத்தில் வாங்குங்கள்.

## நான்கு: ஊருக்கு வெளியே ஒதுக்கீடு

தெற்கே வாரியம் கட்டி வைத்திருக்கும் பெரும்பாக்கமோ கண்ணகி நகரோ. காசிமேட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது பெரும்பாக்கம். வெள்ளைப் பலகைப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் விடியற்காலை ஏலத்துக்கு வர அந்த நேரத்தில் பேருந்து வேண்டுமே. கால்வாய்க் கரையில், மழைக்கு மழை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பவர்களுக்கும், தென்பக்கம் வேலை உள்ளவர்களுக்கும் இது பொருந்தலாம். துறைமுகம், மீன், கொத்தவால்சாவடி, மூட்டை என்று இங்கேயே பிழைப்பவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வாடகைக்கு வந்துவிடுகிறார்கள். அப்போது இரண்டு செலவு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவு | ஸ்டில்ட் + 5 | ஸ்டில்ட் + 9 | தோட்டத்தோடு + 9 | ஊருக்கு வெளியே |
|---|---|---|---|---|
| லிஃப்ட் நின்றால் | சிரமம், சமாளிக்கலாம் | முதியவர் முடங்குவார் | அதேதான். முற்றம் வரை வரலாம் | மாடியைப் பொறுத்தது |
| மாதச் செலவு | குறைவு | அதிகம் | எல்லாவற்றிலும் அதிகம் | பராமரிப்போடு பயணச் செலவும் |
| தரையில் திறந்த இடம் | குறைவு, ஆனால் ஸ்டில்ட் நமது | பெரிய மனையில் மட்டும் | பெரிய மனையில் மட்டும் | உண்டு |
| கசிவு ஆபத்து | மொட்டை மாடியில் மட்டும் | மொட்டை மாடியில் மட்டும் | தோட்டத் தளம் ஒவ்வொன்றிலும் | மொட்டை மாடியில் மட்டும் |
| வெளி வாடகைக் காலம் | குறைவு | அதிகம் | அதிகம் | இல்லை |
| பிழைப்பு | கை எட்டும் தூரம் | கை எட்டும் தூரம் | கை எட்டும் தூரம் | பலருக்குப் போய்விடும் |

## எந்த இடத்துக்கு எது?

ஒரு ஏக்கரோ அதற்குக் குறைவோ, குடும்ப எண்ணிக்கையும் அடங்குகிறது என்றால் ஸ்டில்ட் + 5 கேளுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடம் மூன்று ஏக்கரைத் தாண்டி, குடும்பங்களும் அதிகம், எல்லோரும் அங்கேயே இருக்க வேண்டும் என்றால் ஒன்பது மாடி தவிர வழியில்லை. அப்படியானால் ஐம்பது வீட்டுக்கு ஒரு முற்றம் என்று சேர்த்துக் கேளுங்கள். முழுத் தோட்டத்தை, பழைய பிளாக்கிலேயே ஒழுங்காக வசூல் செய்து கணக்குக் காட்டும் சங்கம் இருக்கும் இடத்தில் மட்டும் கேட்பேன். கடலிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பவர்கள் தோட்டத்துக்குப் போகும் முன் இரண்டு முறை யோசியுங்கள். உப்புக் காற்றோடு ஈர மண்ணும் சேர்ந்து நீர்காப்பு விட்டுப்போனால், தளத்துக்குள் இருக்கும் கம்பி அரிப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது.

கேட்க வேண்டியவற்றில் நான்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரெச்சர் நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு லிஃப்ட்டாவது உண்டா? ஒப்படைக்கும் முன் நம் கண் முன்னால் மூன்று நாள் தண்ணீர் கட்டிச் சோதிப்பார்களா? நீர்காப்புக்கு எத்தனை வருஷ உத்தரவாதம், அது யார் பெயரில்? முதல் லிஃப்ட் ஒப்பந்தம் முடிந்த பிறகு பணம் எங்கிருந்து வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை மாமியார் பிளாக்கில் பையன்கள் நாலு பேரோடு டேப் பிடித்து, எல்லைச் சுவரிலிருந்து 23 அடி அளந்து, கோலமாவால் கோடு போட்டோம். கைப்பம்பு கோட்டுக்கு வெளியே போனது. வேப்பமரம் போனது. ஆடிக்குக் கூழ் ஊற்றும் அம்மன் மேடையும் பாதி போனது. பால்கனிகளிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியம் வரை ஒன்பது மாடிதான் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த இரண்டாவது மாடி அண்ணன் கீழே இறங்கி வந்து, கோட்டுக்கு உள்ளே நின்று சுற்றிலும் பார்த்தார். "அப்போ ஸ்டில்ட்ல அம்மனுக்கு இடம் உண்டானு கேட்டு எழுதுங்க தம்பி" என்றார். எழுதியிருக்கிறோம். மனுவில் அது மூன்றாவது வரி. முதல் வரியில் லிஃப்ட், இரண்டாவது வரியில் வாடகைக்கு இருக்கும் பதினொரு குடும்பங்களின் பெயர்.